டொக்டர் என்று சொன்னவள்

வேனில் ஏறிய முதல் நாளே வெளிநாட்டுத் தொண்டர்கள் யசோதாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்கள். கனடாவிலிருந்து வந்தாலும் சரி, லண்டனிலிருந்து வந்தாலும் சரி, கம்பளை தாண்டும்வரை பொறுக்கமாட்டார்கள். இதற்கு முன்னால் இங்கே வந்து தொண்டு செய்துவிட்டுப் போனவர்களுக்குப் பல் வைத்தியக் கல்லூரியில் இடம் கிடைத்ததா?

"நிறையப் பேருக்குக் கிடைச்சிருக்கு" என்பாள் யசோதா. அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று முதலாளி திருச்செல்வம் சொல்லிவைத்திருந்தார். யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்காமல் போனது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. ஊருக்குத் திரும்பியவர்கள் எவரும் அவளுக்கு ஒரு வரி எழுதியதில்லை.

போயும் போயும் தன்னிடம் இதைக் கேட்கிறார்களே என்று ஆரம்பத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அதுவும் வருவதில்லை. புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்துக் காம்பராவில் இருந்து படித்து, பல்கலைக்கழக நுழைவுக்கான ஏ.எல். பரீட்சையில் உயிரியல் எடுத்தவள் அவள். இரண்டாம் தடவை எழுதியபோது பேராதனைப் பல் வைத்திய பீடம் ஒரு மயிரிழையில் தவறியது. வேறொரு பல்கலைக்கழகத்தில் விவசாயம் படிக்க இடம் வந்தது. வேண்டாம் என்று விட்டாள். இன்னொரு தடவை எழுதினால் எட்டிவிடலாம் என்று நினைத்தாள். மூன்றாம் தடவை புள்ளிகள் சரிந்துபோய், விவசாயமும் இல்லை, ஒன்றும் இல்லை என்றாகிவிட்டது. தினமும் கண்டியிலிருந்து மலைக்குப் போகும் வேன் பேராதனையைத் தாண்டும்போது, அவள் மடியில் இருக்கும் பையைத் திறந்து எதையாவது தேடிக்கொண்டிருப்பாள்.

திருச்செல்வம் கண்டி டவுனில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் அலுவலகம் வைத்திருந்தார். முன்பு சுற்றுலாப் பயணிகளைக் கூட்டிக்கொண்டு திரிந்தவர். வெளிநாட்டில் பல் வைத்தியம் படிக்கத் துடிக்கும் பிள்ளைகளை இங்கே வரவழைத்து, தோட்டங்களில் இலவசப் பல் முகாம் நடத்துவது பிறகு வந்த தொழில். ஆள் கெட்டவர் இல்லை. யசோதாவின் தாய் ரத்தினம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது, தன் வேனிலேயே ஏற்றிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தவர். யசோதாவுக்கு ஒரு வாக்கும் கொடுத்திருந்தார்.

"அடுத்த வருஷம் நேபாளத்துல முகாம் போடுறோம். ஒன்னயத்தான் அனுப்பப்போறேன். வெளிநாட்டுல தொண்டு செஞ்ச அனுபவம் ஒன்னு இருந்துச்சின்னா, வெளிநாட்டுப் பல் காலேஜ்ல ஒதவித் தொகையோட எடம் தருவான். இந்தப் புள்ளைங்க எல்லாம் எதுக்கு இங்க வருதுங்கன்னு நினைக்கிற?"

அந்த வாக்கைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இருந்தாள். கண்டி அனிவத்தையில் தொண்டர்கள் தங்கும் வீட்டிலேயே அவளும் தங்கினாள். பெண்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும், முகாமில் ஆங்கிலத்தைத் தமிழாக்கிச் சொல்வதும் அவள் வேலை.

அந்த ஆவணியில் கனடாவிலிருந்து வந்த குழுவில் அபிரா என்று ஒருத்தி இருந்தாள். இருபத்திரண்டு வயது. டொரொன்டோவில் பிறந்தவள், தாய் தகப்பன் யாழ்ப்பாணம். வேனில் ஏறியதும் அவளும் அந்தக் கேள்வியைக் கேட்டாள், ஆனால் தமிழில் கேட்டாள்.

"அக்கா, இஞ்ச வந்திட்டுப் போனாக்களுக்கு உண்மையா இடம் கிடைச்சதோ?"

யசோதாவுக்கு வழக்கமான பதில் சட்டென்று வரவில்லை. ஆங்கிலத்தில் அந்தப் பொய் இலேசாக இருந்தது. தமிழில் கேட்டவளிடம் அது நாக்கில் ஒட்டியது.

"கிடைச்சிருக்குன்னுதான் சொல்றாங்க" என்றாள்.

"நான் ரெண்டு தரம் அப்ளை பண்ணி ரெண்டு தரமும் இல்லையெண்டிட்டாங்கள். இந்த முறையும் இல்லையெண்டா, என்ர அப்பா என்னோட கதைக்கவே மாட்டார்" என்றாள் அபிரா. சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆனால் அவள் விரல்கள் பையின் நாடாவை முறுக்கிக்கொண்டே இருந்தன.

வேன் ஓட்டும் ஹபீல் நானா கண்ணாடியில் பார்த்து, "வாப்பாமாருக்கு எங்கயும் ஒரே பேச்சுத்தான் புள்ள" என்றார்.

முதல் வாரம் பிழையில்லாமல் போனது. திருச்செல்வம் பேசி வைத்திருந்த பல் டொக்டர் ஒருவர் வருவார். ஓய்வு பெற்ற மனிதர், கை சுத்தம். அவர் பல்லைப் பிடுங்கும்போது தொண்டர்கள் டோர்ச் அடிப்பார்கள், துப்புகிற கோப்பையைப் பிடிப்பார்கள், பிள்ளைகளுக்குப் பல் துலக்கக் காட்டிக்கொடுப்பார்கள். தொண்டர்கள் பார்க்க மட்டுமே முடியும், நோயாளியின் வாயில் கை வைக்கக்கூடாது என்பது சட்டம். திருச்செல்வத்துக்கும் அது தெரியும். ஆனால் முகாம் முடிந்து வேனில் திரும்பும்போது தொண்டர்களின் முகம் தொங்கிப்போயிருப்பதும் அவருக்குத் தெரியும். டோர்ச் அடித்ததைப் போய் எந்தக் கல்லூரியில் சொல்வது?

இரண்டாம் வாரம் யசோதாவின் சொந்தத் தோட்டத்தில் முகாம். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவில் தொட்டில்களை எல்லாம் சுவரோரம் தள்ளி, நடுவில் இரண்டு கதிரை போட்டார்கள். காலையிலிருந்தே கூட்டம். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. சாக்கைத் தலையில் போட்டபடி பெண்கள் வாசலில் வரிசை நின்றார்கள். வேலைக்குப் போகாததால் அன்றைய சம்பளம் போய்விடும். இருந்தாலும் நின்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ஒரு நாள் போகத்தானே போகிறது.

யசோதாவின் வீட்டுக்கு அடுத்த காம்பராவில் இருக்கும் அங்கம்மாவும் நின்றாள். ஐம்பது வயது. யசோதாவைத் தூக்கி வளர்த்தவள். கடைவாய்ப் பல் சொத்தையாகி மாதக்கணக்கில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு திரிந்தாள். டொக்டர் அவளுக்கு மரத்துப்போகிற ஊசியைப் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் உட்காரச் சொன்னார். அந்த நேரம் பார்த்து அவருக்குத் தொலைபேசி வந்தது. கம்பளையில் இருக்கும் மகள் வீட்டில் ஏதோ அவசரம். அவர் கையைக் கழுவிக்கொண்டே, "மிச்சப் பேரை அடுத்த முறை பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு, தன் காரில் ஏறிப் போய்விட்டார்.

அங்கம்மா மரத்துப்போன கன்னத்தோடு கதிரையில் உட்கார்ந்திருந்தாள்.

திருச்செல்வம் அபிராவைப் பார்த்தார். ஆங்கிலத்தில், "ஊசி போட்டாச்சு. பல்லும் ஆடுது. நீதான் இத்தனை நாளாப் பார்க்கிறியே, எடுத்திடு. இவ்வளவு தூரம் வந்தது எதுக்கு?" என்றார்.

அபிரா குறட்டைக் கையில் எடுத்தாள். கையுறைக்குள் விரல்கள் நடுங்கின.

அங்கம்மா அந்தப் பிள்ளையின் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு யசோதாவின் கையைப் பிடித்தாள். ஒரு பக்கம் மரத்திருந்ததால் வார்த்தைகள் குழறின.

"யசோ, இந்தப் புள்ள டொக்டர்தானே?"

திருச்செல்வம் பக்கத்தில் நின்றார். யசோதாவைப் பார்த்தார், அவ்வளவுதான். வாசலில் வரிசை எட்டிப் பார்த்தது. யசோதாவுக்குத் தாயின் முகம் நினைவு வந்தது, நேபாளம் நினைவு வந்தது.

"ஆமா அத்தை. டொக்டர்தான்."

சொன்ன பிறகுதான் அபிராவைப் பார்த்தாள். மற்றப் பிள்ளைகள் என்றால் அவள் தமிழில் என்ன சொன்னாள் என்று விளங்கியிருக்காது. அபிராவுக்கு ஒவ்வொரு எழுத்தும் விளங்கியது. அபிராவின் வாய் திறந்தது. இல்லை என்று சொல்லப்போகிறாள் என்று யசோதா நினைத்தாள். சொல்லவேண்டும் என்றுகூட வேண்டிக்கொண்டாள். அபிரா முகமூடியை மேலே இழுத்துவிட்டுக் குனிந்தாள்.

பல் ஆடியது மேலேதான். கீழே வேர் உறுதியாக இருந்தது. அபிரா இழுத்தாள், திருப்பினாள், மறுபடி இழுத்தாள். ஏதோ முறிகிற சத்தம் யசோதாவுக்குக் கேட்டது. குறட்டோடு வந்தது பாதிப் பல். அங்கம்மாவின் கண் ஓரங்களில் நீர் வழிந்தது. ஆனாலும் அவள் கத்தவில்லை. டொக்டர்களிடம் கத்தக்கூடாது என்று நினைத்திருப்பாள். பஞ்சை வைத்து அடைத்தார்கள். இரத்தம் நின்றதும் அங்கம்மா எழுந்து, அபிராவைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்பினாள்.

திருச்செல்வம் அதைப் படம் எடுத்தார்.

அந்த வாரக் கடைசியில் ரத்தினம்மா தொலைபேசியில் அழைத்தாள். அங்கம்மாவுக்கு முகம் வீங்கி, கண்ணே தெரியவில்லை, காய்ச்சல் கொதிக்கிறது என்றாள். யசோதா பஸ் ஏறிப் போய், அங்கம்மாவைக் கூட்டிக்கொண்டு கண்டிக்கு வந்து பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினாள். வழியெல்லாம் அங்கம்மா அவள் தோளில் சாய்ந்திருந்தாள். வாயிலிருந்து சீழ் வாடை அடித்தது.

அங்கே இருந்த பல் டொக்டர் இளம் பெண், சிங்களம் மட்டும் பேசினார். டோர்ச் அடித்துப் பார்த்ததும் அவர் முகம் சிவந்தது. இதை யார் பிடுங்கியது என்று கேட்கச் சொன்னார்.

யசோதா அங்கம்மாவின் பக்கம் திரும்பினாள். கேள்வியைத் தமிழில் சொன்னாள். உண்மை வெளியே வரட்டும், இத்தோடு எல்லாம் முடியட்டும் என்று அவளுக்கு ஒரு கணம் ஆறுதலாகக்கூட இருந்தது.

அங்கம்மா வீங்கிய வாயைக் கஷ்டப்பட்டுத் திறந்தாள். "நானேதான் ஆட்டி ஆட்டி ஒடச்சிக்கிட்டேன்னு சொல்லு."

"அத்தை..."

"சொல்லு யசோ."

யசோதா அதைச் சிங்களத்தில் சொன்னாள். டொக்டர் ஏசத் தொடங்கினார். உங்களுக்கெல்லாம் அறிவில்லையா, இலவசமாக ஆஸ்பத்திரி இருக்கும்போது எதற்காக இப்படிச் செய்கிறீர்கள், இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் சீழ் கழுத்துக்குள் இறங்கியிருக்கும் என்றார். அந்த ஏச்சு முழுவதையும் யசோதா தமிழாக்க வேண்டியிருந்தது. தான் வாங்கவேண்டிய ஏச்சைத் தன் வாயாலேயே இன்னொருத்திக்குச் சொன்னாள். அங்கம்மா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள்.

வார்டில் சேர்த்த பிறகு யசோதா கட்டிலருகில் குனிந்து, "ஏன் அத்தை அப்பிடிச் சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"பின்ன என்னா? ஒன் வேல போயிருமில்ல. ஒங்கம்மா லயம் பூரா சொல்லி வச்சிருக்கா, நீ நேபாளம் போயி, அப்பிடியே டொக்டருக்குப் படிக்கப்போறேன்னு. நம்ம லயத்துல இருந்து ஒரு புள்ள போகட்டுமே." அங்கம்மா கண்ணை மூடிக்கொண்டாள். "அந்தப் புள்ளையும் பாவம். கை என்னா நடுக்கம் நடுங்குச்சி."

யசோதா வார்டை விட்டு வெளியே வந்து தாழ்வாரத்தில் நின்றாள். இனி உண்மையைச் சொல்லவும் முடியாது. சொன்னால் அங்கம்மாவும் பொய்க்காரியாவாள்.

அடுத்த நாள் போயா, பௌர்ணமி விடுமுறை. முகாம் இல்லை. தொண்டர்கள் எல்லோரும் கடைகளைப் பார்க்கக் கிளம்ப, அபிரா மட்டும் யசோதாவோடு கண்டி வாவியைச் சுற்றி நடந்தாள். புத்தரின் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகைக்குப் போகும் சனம் வெள்ளை உடுத்திப் போய்க்கொண்டிருந்தது. அபிராவே கேட்டாள்.

"அக்கா, அந்த அம்மாவுக்கு எப்பிடி?"

யசோதா மறைக்கவில்லை. வீக்கத்தையும் சீழையும், டொக்டரின் ஏச்சையும், அங்கம்மா சொன்ன பொய்யையும் சொன்னாள். அபிரா வாவிக்கரைச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தை மூடி அழுதாள். யசோதாவுக்கு அவளைத் தேற்றத் தோன்றவில்லை, ஏசவும் தோன்றவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அபிரா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் ஒண்டு சொல்லோணும் அக்கா. என்ர சிநேகிதி ஒராள் இப்ப டென்டல் ஸ்கூலிலதான் படிக்கிறா. நேற்று அவவோட கதைச்சனான். பல்லு பிடுங்கினனான் எண்டு சொன்னன். அவ திகைச்சுப் போனா" என்றாள்.

"ஏன்?"

"இன்டர்வியூவில அதைச் சொன்னா என்ர ஃபைலையே மூடிடுவாங்களாம். படிக்காமல் ஆக்களின்ர வாயில கை வைச்சது குற்றமாம். அப்பிடி வெளிநாட்டுக்குப் போறதாலயும் புள்ளி ஒண்டும் கூடாதாம். பக்கத்தில இருக்கிற கிளினிக்கில போய் நிண்டு பாத்தாலும் அதே கணக்குத்தானாம். நானும் பிறகு கல்லூரியின்ர வெப்சைட்டில தேடிப் பாத்தன். அப்பிடித்தான் போட்டிருக்கு. முதலே வாசிச்சிருக்கலாம். அப்பாட கூட்டாளியின்ர மகன் எங்கயோ போய் வந்து இடம் எடுத்தவனெண்டு சொல்லி, அப்பா என்னை அனுப்பினவர்."

யசோதா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப, அந்தப் பல்ல ஒடச்சது எதுக்கு?"

அபிரா தன் கைகளைப் பார்த்தாள்.

"நேபாளம் போனா எனக்கு எடம் கிடைக்கும்னாரு முதலாளி. வெளிநாட்டுல தொண்டு செஞ்சா எடம் தருவாங்கன்னாரு."

அபிரா தலையைக் குனிந்தபடி, "எனக்குத் தெரியேல்ல அக்கா" என்றாள். தெரியாமல் இல்லை என்பது அவள் குரலிலேயே இருந்தது.

வாவியில் படகு ஒன்று மெதுவாகப் போனது. திருச்செல்வம் பொய் சொன்னாரா, அவரும் நம்பித்தான் சொன்னாரா என்று யசோதா யோசித்துப் பார்த்தாள். எப்படி இருந்தாலும் ஒன்றுதான். இவ்வளவு நாளும் எந்தக் கதவுக்கு முன்னால் காத்து நிற்கிறோம் என்று அவள் நினைத்திருந்தாளோ, அந்த இடத்தில் கதவே இல்லை. ஆனால் வேலையை விட்டால் எங்கே போவது? கொழுந்துக் கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு தாயின் பின்னால் மலையேறுவதா, கண்டியில் ஒரு புடவைக் கடையில் நாள் முழுவதும் நிற்பதா? லயம் முழுவதும் கேட்குமே, நேபாளம் என்ன ஆச்சு என்று.

அபிராவின் குழுவுக்குக் கடைசி முகாம் நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டத்தில். அன்றும் மழை. அன்றும் டொக்டர் மதியத்தோடு கிளம்பினார். இந்த முறை சொந்த அவசரம் ஒன்றும் இல்லை, வேறொரு இடத்தில் அவருக்கு வேலை இருந்தது. திருச்செல்வத்துக்கு அது முன்பே தெரியும். வரிசை பாதிகூடக் குறையவில்லை.

முதலில் நின்றவள் கமலம் என்ற இளம் தாய். கன்னத்தைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தாள். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்றாள். அபிரா குறட்டுத் தட்டின் முன்னால் நின்றாள். திருச்செல்வம் தலையை ஆட்டினார்.

யசோதா கதிரையின் முன்னால் வந்து நின்றாள். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"இவங்க டொக்டர் இல்ல. இன்னும் படிக்கவே போகல. டொக்டர் போயிட்டாரு. இவங்க புடுங்கினா பல்லு ஒடஞ்சி உள்ள நிக்கலாம், சீழ் பிடிக்கலாம். போன தடவை அப்பிடி ஆயிருக்கு."

வரிசை கலைந்துவிடும் என்று யசோதா எதிர்பார்த்தாள். ஏசிவிட்டுப் போய்விடுவார்கள், அதோடு எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தாள். வரிசையில் ஒருவர்கூட அசையவில்லை.

கமலம் துண்டை அவிழ்த்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தாள். "டொக்டர் இல்லாட்டி என்னா? கையில கொறடு இருக்கில்ல. புடுங்கட்டும்" என்றாள். வாயைத் திறந்து கண்களை மூடிக்கொண்டாள்.

அபிரா அந்தத் திறந்த வாயைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கையுறைகளைக் கழற்றினாள். "ஏலாது அங்கிள். நான் செய்யமாட்டன்" என்றாள் திருச்செல்வத்திடம்.

திருச்செல்வம் சத்தம் போடவில்லை. பின்னால் நின்ற ஒரு பையனைக் கூப்பிட்டார். அவன் வான்கூவரிலிருந்து வந்தவன், இரண்டு வாரமாக ஒரு பல்லாவது பிடுங்கவேண்டும் என்று காத்திருந்தவன். சந்தோஷமாக முன்னால் வந்தான்.

அவன் கை நீட்டுவதற்குள் யசோதா தட்டைத் தூக்கிவிட்டாள். குறடுகள் ஒன்றோடொன்று மோதின. வாசலுக்கு நடந்து, அங்கே நின்ற ஹபீல் நானாவிடம் அதைக் கொடுத்தாள். "வேன்ல வச்சிப் பூட்டுங்க நானா."

ஹபீல் நானா முதலாளியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். தட்டை வாங்கிக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்.

அப்போதுதான் வரிசை கத்தியது. ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தோமே என்றார்கள். இவளுக்கு என்ன வந்தது என்றார்கள். கமலம் கதிரையிலிருந்து எழுந்து யசோதாவின் முகத்துக்கு நேரே வந்தாள். "ஒனக்கு ஒரு ராத்திரி வலிச்சிருந்தா தெரியும்டி. டவுன்ல போயி சப்பாத்துப் போட்டுக்கிட்டா எங்க வலி ஒனக்கு எங்க தெரியப்போகுது?"

நாவலப்பிட்டி ஆஸ்பத்திரிக்கு வேனில் கூட்டிப்போகிறேன் என்று யசோதா சொல்லிப் பார்த்தாள். அங்கே போய் நிற்பதற்கு இன்னொரு நாள் வேண்டும் என்று கமலம் துண்டைக் கட்டிக்கொண்டு மழையில் நடந்தாள்.

அலுவலகத்துக்கு வந்த பிறகு திருச்செல்வம் யசோதாவை உட்காரச் சொன்னார். வேலையை விட்டு நிறுத்தப்போகிறார் என்று அவள் நினைத்தாள். நிறுத்தினால் நல்லது என்றுகூட ஒரு பக்கம் தோன்றியது.

"நேபாளத்த மறந்திரு" என்றார். "ஆனா திங்கட்கிழம அவுஸ்திரேலியாக் கூட்டம் வருது. காலையிலயே வந்திரு."

யசோதா நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னா பார்க்கிற? தமிழும் சிங்களமும் இங்கிலீஷும் இந்தச் சம்பளத்துக்குப் பேச வேற யாரு வருவா எனக்கு? ஒனக்கும் வேற எங்க எடம் இருக்கு சொல்லு. கோவம் வேணாம், ரெண்டு பேரும் ஒரே வேன்லதான் போகணும்."

"டொக்டர் கடைசி வரைக்கும் இருக்கணும் சேர். அவரு போயிட்டா முகாம் முடிஞ்சிரணும். இல்லாட்டி நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

"சரி" என்றார். அவ்வளவு சுலபமாகச் சரி என்பார் என்று அவள் நினைக்கவில்லை. இறங்கிவந்து தெருவில் நிற்கும்போதுதான், நிறுத்தினால் நல்லது என்று நினைத்துத்தானே உள்ளே போனோம் என்பது நினைவு வந்தது.

அபிரா அந்த வாரமே ஊருக்குப் போனாள். போகும்போது ஆஸ்பத்திரிக்கு வந்து அங்கம்மாவின் கட்டிலருகில் நின்று, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றாள். அங்கம்மாவுக்கு அந்தச் சொல் சரியாக விளங்கவில்லை. நல்லா இரு தாயி என்று தலையைத் தடவி அனுப்பினாள்.

சித்திரைப் புத்தாண்டுக்குக் கொஞ்சம் முன்னால் அபிராவின் குரல்செய்தி யசோதாவின் தொலைபேசிக்கு வந்தது.

"அக்கா, இடம் கிடைச்சிட்டுது. இன்டர்வியூவில இலங்கையைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. நான் எழுதவும் இல்லை, சொல்லவும் இல்லை. அப்பா அழுதிட்டார். உங்களுக்கு முதல் சொல்லோணும் போல இருந்தது."

சந்தோஷம், நல்லாப் படிங்க என்று யசோதா பதில் அனுப்பினாள். பொய்யில்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று முழுவதும் அவளுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அங்கம்மாவின் வாயில் நடந்தது உலகத்தில் எந்தக் கணக்கிலும் சேரவில்லை. நல்லதாகவும் சேரவில்லை, குற்றமாகவும் சேரவில்லை.

புத்தாண்டுக்கு லயத்துக்குப் போனபோது அங்கம்மாவிடம் சொன்னாள். அங்கம்மாவின் முகம் மலர்ந்தது. ஓட்டைப் பல்லோடு சிரித்து, பக்கத்துக் காம்பராவைக் கூப்பிட்டாள்.

"ரத்தினம்மா, கேட்டியா? என் வாயில பழகின புள்ள டொக்டராகப் போகுது!"

ரத்தினம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மகளைப் பார்த்தாள். நேபாளம் எப்போது என்று அவள் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் யசோதாவுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய், வேண்டுமென்றே அங்கேயே நேரத்தைக் கடத்தினாள்.

முகாம்கள் நடக்கின்றன. சில நாள் டொக்டர் கடைசி வரைக்கும் இருக்கிறார். சில நாள் போய்விடுகிறார். அப்படிப் போகிற நாளில் யசோதா தட்டை எடுத்து வேனில் வைத்துவிடுகிறாள். திருச்செல்வம் இப்போது அதைத் தடுப்பதில்லை. பல் துலக்கக் காட்டிக்கொடுத்துவிட்டுத் தொண்டர்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். தோட்டங்களில் அவளுக்கு நல்ல பேர் இல்லை. சப்பாத்துக்காரி வந்துட்டா, இன்னைக்கும் பாதியிலதான் போகும் என்று அவள் காதுபடவே சொல்கிறார்கள்.

வைகாசியில் புசல்லாவைக்கு மேலே ஒரு தோட்டத்தில் டொக்டர் வழக்கத்தைவிட முன்னாலேயே கிளம்பிவிட்டார். வரிசையில் நின்றவர்கள் கலைந்துபோகாமல் வேனைச் சுற்றி வந்து நின்றார்கள். கம்பளை ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ், எந்த நாளில் பல் டொக்டர் இருப்பார் என்று யசோதா ஜன்னல் வழியாகச் சொன்னாள். யாரும் காதில் வாங்கவில்லை. உள்ளே அவுஸ்திரேலியப் பிள்ளைகள் பயந்துபோய் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரு கிழவர் கன்னத்தைப் பிடித்தபடி மறு கையால் கண்ணாடியைத் தட்டினார். கோபமாகத் தட்டவில்லை. கெஞ்சிக் கேட்டுத் தட்டினார்.

"கதவப் பூட்டு யசோதா" என்றார் முன் இருக்கையிலிருந்து திருச்செல்வம்.

ஹபீல் நானா திரும்பிப் பார்த்தார். வேன் உறுமிக்கொண்டு நின்றது. கிழவர் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்.

யசோதா கையை நீட்டிக் கதவைப் பூட்டினாள்.